பால்வினை நோய்களுக்கு இணையத்தில் விற்கப்படும் மோசடி மருந்துகள்: கண்டன அறிக்கை

மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் பணியாற்றும் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்கள், ஆய்வக நுட்பநர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோர் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். சங்கத்தின் பொதுக்குழு ஒருமனதாக நிறைவேற்றிய கண்டனத் தீர்மானத்தின் விளக்கமாக இந்த அறிக்கை வெளியிடப்படுகிறது.

பால்வினை நோய்களை அடியோடு குணமாக்குவதாகச் சொல்லி இணையம் வழியாக மருந்து விற்போரைச் சங்கம் கண்டிக்கிறது. அந்த விளம்பரங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் தளங்களைக் கண்டிக்கிறது. 70 ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாத அரசுகளைக் கண்டிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தைப் பொதுமக்கள் முன் பதிவு செய்கிறோம்.

நடப்பது என்ன

முன்பு இந்த விளம்பரம் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டது. விடுதியில் அறை எடுத்து மாதம் ஒரு நாள் முகாம் நடத்தியவர்கள் அதை ஒட்டினார்கள். இன்று அது கைப்பேசித் திரையில் வருகிறது. மேலே ஒரு சித்தர் படம், ஒரு ஓலைச்சுவடிப் படம். அதன் கீழ் வெட்டை, கொறுக்கு, கிரந்தி, எய்ட்ஸ் என்று நோய்களின் பட்டியல். ஒரு மண்டலத்தில் நிரந்தரத் தீர்வு என்ற உறுதிமொழி. கடைசியில் ஒரு கைப்பேசி எண். வைத்தியரின் பதிவு எண் இல்லை. முகவரி இல்லை. ரகசியம் காக்கப்படும் என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கிறது.

அந்த எண்ணை அழைப்பவரிடம், புண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. மனைவியோ கணவரோ பரிசோதித்துக்கொண்டார்களா என்று கேட்பதில்லை. கேட்பது முன்பணம் ஒன்றுதான். பணம் சேர்ந்ததும் வெளியே எதுவும் எழுதாத பார்சல் கூரியரில் வருகிறது.

நோயாளிகள் எங்கள் உறுப்பினர்களிடம் கொண்டுவந்து காட்டும் டப்பாக்களில் சூரணம் இருக்கிறது, லேகியம் இருக்கிறது, பெயர் அச்சிடாத காப்ஸ்யூல் இருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் லேபிளில் சேர்மானங்களின் பட்டியல், தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்க வேண்டும் என்பது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 161ஆவது விதி. இந்த டப்பாக்களில் காலை, இரவு, தேன், வெந்நீர் என்று பேனாவால் எழுதியிருப்பது மட்டுமே இருக்கிறது.

விற்போர் மீதான குற்றச்சாட்டுகள்

நோய் தானாக அடங்கும் காலத்தைத் தங்கள் மருந்தின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். சிபிலிஸ் எனப்படும் கிரந்தி நோயின் முதல் புண் வலிக்காது. எந்த மருந்தும் இல்லாமலே 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். பிறகு உடலில் வரும் தடிப்புகளும் தாமே மறையும். கிருமி மறைவதில்லை. ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் நரம்புகளையும் அது தாக்கலாம். ஒரு மண்டலம் என்பது 48 நாள். புண் ஆறுவதற்கு அந்தக் காலம் போதும். சூரணம் சாப்பிட்டவர் குணமாகிவிட்டதாக நம்புகிறார். தனக்குத் தெரிந்தவருக்கும் அந்த எண்ணைக் கொடுக்கிறார்.

ஹெர்பிஸ் கொப்புளங்களும் தாமே ஆறி, பின்னர் மீண்டும் வருபவை. எச்.ஐ.வி. தொற்றிய தொடக்கத்தில் சிலருக்கு வரும் காய்ச்சலும் தானே தணியும். அதன் பின் பல ஆண்டுகள் அறிகுறி இல்லாமல் கழியலாம். இந்த இடைவெளிகள் ஒவ்வொன்றிலும் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

இருக்கிற சிகிச்சையை மறைக்கிறார்கள். சிபிலிஸ் பெனிசிலினுக்குக் கட்டுப்படும் என்பது 1943 முதல் மருத்துவ உலகம் அறிந்தது. தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பெனிசிலின் ஒரு முறை ஊசியாகப் போட்டால் போதுமானது. கொனோரியா எனப்படும் வெட்டை நோய்க்கும் கிளமிடியாவுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உள்ளன. இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அறிகுறிக்கு ஏற்ப எந்த மருந்து என்பது குழம்பாமல் இருக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என 7 நிறப் பெட்டிகளில் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு ஊசியில் முடிய வேண்டிய சிகிச்சையை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் மண்டலக் கணக்காக மாற்றியிருக்கிறார்கள்.

கூட்டு மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறையும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். அதே மருந்து பிறகு பலிக்காமல் போகவும் கூடும். ஆங்கில மருந்தையும் எங்கள் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று தொலைபேசியில் சொல்கிறவர், இந்த விளைவுக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்து இடுவதில்லை.

உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பொருளை உண்ணக் கொடுக்கிறார்கள். இணையம் வழியாக விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தது. அந்தத் தயாரிப்புகளுக்கு ஒரு பெயரும் ஒரு நிறுவனமும் இருந்தன. மதுரைக்கு வரும் பார்சலில் அவையும் இல்லை.

நோய் இல்லாதவரையும் நோயாளி ஆக்குகிறார்கள். தூக்கத்தில் விந்து வெளியாவது வளரிளம் பருவத்தில் இயல்பு. சிறுநீர் மஞ்சளாகப் போவது தண்ணீர் குறைவதன் விளைவாகவும் இருக்கலாம். இவற்றை மேக நோய் எனப்படும் பால்வினை நோயின் அறிகுறி என்று சொல்லி மாணவர்களிடமும் கூலிக்குப் போகும் இளைஞர்களிடமும் பணம் பறிக்கிறார்கள். அவர்களில் சிலர் தமக்குத் திருமணத் தகுதி இல்லை என்று முடிவு செய்துகொண்டு எங்கள் முன் வந்து அமர்கிறார்கள்.

விளம்பரத்தைப் பார்க்காதவரையும் பாதிப்புக்கு உள்ளாக்குகிறார்கள். பால்வினை நோய்க்கான சிகிச்சை ஒருவரோடு முடிவதில்லை. துணைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும், தேவையானால் மருந்து பெற வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் குணமாகலாம் என்பது இவர்கள் விற்கும் சரக்கின் பாதி. அந்த வீட்டில் இருக்கும் மனைவிக்குத் தொற்று தெரியவருவது பல நேரங்களில் கர்ப்ப காலப் பரிசோதனையில். சிகிச்சை பெறாத சிபிலிஸ் கருவில் உள்ள குழந்தையை இறக்கச் செய்யலாம். பிழைத்துப் பிறக்கும் குழந்தைக்கும் அந்த நோய் இருக்கலாம். எதையும் வாங்காத இருவர் இங்கே விலை கொடுக்கிறார்கள்.

ரகசியத்தை விற்று, ரகசியத்தையே பறிக்கிறார்கள். நோயாளியின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண், உடலின் படம் ஆகிய நான்கும் முகம் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்கின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு அந்தப் படத்தை நினைவூட்டினால் போதும். அவர் காவல் நிலையத்துக்குப் போக மாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும். இந்த வணிகம் முழுவதும் நோயாளியின் கூச்சத்தை முதலாகப் போட்டு நடக்கிறது.

எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 தடை செய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. நம்பிக்கை மைய ஆலோசகர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அவர் மீறினால் அவர் யார் என்று தெரியும், எங்கே புகார் செய்வது என்று தெரியும். கைப்பேசி எண்ணாக மட்டும் இருப்பவரை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

சித்த மருத்துவத்தின் மீது எங்களுக்குக் குறை இல்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்று, மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து, தன் பெயரைப் பலகையில் எழுதி வைத்து மருத்துவம் பார்ப்பவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். சித்தர் படத்தை ஒட்டி விற்பவர்கள் அவர்களுடைய பெயரையும் சேர்த்தே கெடுக்கிறார்கள்.

மீறப்பட்ட சட்டம்

மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபனைக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன. கடைசியாக உள்ளது பால்வினை நோய்கள். சிபிலிஸ், கொனோரியா ஆகியவை அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. இந்த நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது 3ஆவது பிரிவு. மருந்து பலிக்குமா, பலிக்காதா என்ற கேள்வியை அந்தப் பிரிவு கேட்கவில்லை. விளம்பரம் செய்வதே குற்றம்.

இணையம் அந்தச் சட்டத்தில் இல்லை என்று சொல்வதைச் சங்கம் ஏற்கவில்லை. துண்டறிக்கை, லேபிள், உறை, பிற ஆவணங்கள் ஆகியவற்றோடு, ஒளி, ஒலி, புகை ஆகியவற்றை உண்டாக்கியோ பரப்பியோ செய்யப்படும் எந்த அறிவிப்பும் விளம்பரம் என்று 2ஆவது பிரிவு சொல்கிறது. கைப்பேசியில் ஓடும் காணொளியில் ஒளியும் ஒலியும் இருக்கின்றன.

காவல்துறை தானே முன்வந்து வழக்குப் பதிய முடியாது என்று சொல்வதையும் சங்கம் ஏற்கவில்லை. 1963ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 9ஏ பிரிவின்படி இது பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர் வெளியே வந்து பெயர் சொல்லிப் புகார் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூச்சத்தால் வாய் திறக்க முடியாதவர்களின் நோய்களில், இந்தப் பிரிவு இல்லாமல் வேறு பாதுகாப்பு இல்லை.

பேச்சுரிமை என்ற வாதம் முடிந்துபோனது. ஹம்தார்த் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சில பகுதிகளை நீக்கியது. தடை செய்யப்பட்ட மருந்துகளுக்கான வணிக விளம்பரம் பேச்சுரிமைக்குள் வராது என்றும் சொன்னது.

தண்டனை முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை. இதை 2 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்றும், மறுமுறைக்கு 5 ஆண்டு, 50 லட்சம் ரூபாய் என்றும் உயர்த்தி, மின்னணு ஊடகத்தையும் வெளிப்படையாகச் சேர்க்கும் திருத்த வரைவை ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

அரசுகள் மீதும் தளங்கள் மீதும் குற்றச்சாட்டுகள்

இருந்த தடுப்பையும் ஒன்றிய அரசு நீக்கியது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு மாநில உரிம அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்ற 170ஆவது விதி 2018 டிசம்பரில் கொண்டுவரப்பட்டது. அந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2023 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. 2024 ஜூலை 1 அன்று விதியே நீக்கப்பட்டது. அந்த நீக்கத்தை 2024 ஆகஸ்ட் 27 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில், தவறான மருந்து விளம்பரங்களுக்கு எதிரான இந்திய மருத்துவச் சங்கத்தின் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகியது. இன்று 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதே முழுப் பொறுப்பும் விழுகிறது.

அந்தச் சட்டத்தின் கீழ் பொதுமக்கள் புகார் செய்ய வழிமுறை ஒன்றை 2 மாதத்துக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 அன்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மதுரையில் ஒரு நோயாளி எந்த எண்ணில், எந்த அதிகாரியிடம் புகார் செய்வது என்று எங்களிடம் கேட்கிறார். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எழுதி ஒட்டக்கூடிய ஒரே விடையை அரசு இன்றுவரை எங்களுக்குத் தரவில்லை. மருந்து ஒரு துறை, சித்த மருந்து ஒரு துறை, போலி மருத்துவர் ஒரு துறை, இணையம் ஒரு துறை. புகார் கொண்டு போகிறவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படுகிறார்.

இணைய மருந்து விற்பனைக்கு விதி இல்லை. வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வெளியாயின. விதிகள் அறிவிக்கப்படும் வரை இணையத்தில் மருந்து விற்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018 டிசம்பர் 17 அன்று உத்தரவிட்டார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. வரைவு வரைவாகவே நிற்கிறது.

தளங்கள் பணம் வாங்குகின்றன. அறிகுறியைத் தேடிய ஒருவருக்கு அடுத்த சில நாட்கள் இந்த விளம்பரமே மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. யாருக்கு எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்துக் காசு வாங்குகிறவர், தான் வெறும் இடைநிலையாளர் என்று சொல்ல முடியாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடம் தருகிறது. அதில் நடித்து மருந்தைப் பரிந்துரைப்பவருக்கும் அது பொருந்தும்.

இது முடியாத வேலை என்று சொல்ல இடமில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் கூட்டாட்சி வணிக ஆணையமும் 2011 மே மாதத்தில் சேர்ந்து இறங்கின. பால்வினை நோய்களைக் குணமாக்கும் என்று இணையத்திலும் கடைகளிலும் விற்கப்பட்ட, அங்கீகாரம் இல்லாத தயாரிப்புகளின் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. தயாரிப்புகளின் பெயரை வெளியிட்டன. நம்மிடம் இருக்கும் சட்டம் எச்சரிக்கைக் கடிதத்தையும் தாண்டிச் சிறை வரை போகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பேசக் கூடாது என்றிருந்ததை இந்த மாநிலம் பேசியது. பரிசோதனைக்கு வருகிறவரின் பெயரைக் காப்பதற்கு முறை வகுத்தது. அந்த உழைப்பு உண்டாக்கிய நம்பிக்கையை இந்த வணிகம் தின்றுகொண்டிருக்கிறது.

கோரிக்கைகள்

1. பால்வினை நோய்களுக்கு மருந்து விளம்பரம் செய்வோர் மீது, தனிநபர் புகாருக்குக் காத்திராமல், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மதுரை மாநகரக் காவல்துறையும் மாவட்டக் காவல்துறையும் வழக்குப் பதிய வேண்டும்.

2. புகாருக்கு ஒரே எண்ணையும் பொறுப்பு அதிகாரியின் பதவியையும் மாநில அரசு அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதை எழுதி வைக்க வேண்டும். புகார் செய்பவரின் பெயர் வெளிவராது என்று அதிலேயே சொல்ல வேண்டும்.

3. நோயாளிகள் ஒப்படைக்கும் டப்பாக்களை அரசு ஆய்வகத்தில் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும்.

4. மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத மருத்துவ விளம்பரங்களைத் தளங்கள் ஏற்கக் கூடாது. பால்வினை நோய்களைக் குணமாக்கும் மருந்து என்ற விளம்பரத்தை எந்தப் பதிவு எண் இருந்தாலும் ஏற்கக் கூடாது.

5. 2020ஆம் ஆண்டுத் திருத்த வரைவை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். விளம்பரத்துக்கான முன் அனுமதி முறையை மீண்டும் ஏற்படுத்த வேண்டும்.

6. உடலின் படத்தை வைத்து மிரட்டுவோர் மீது சைபர் கிரைம் பிரிவு தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இந்த மருந்துகளை வாங்கியவர்கள் மீது சங்கத்துக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். எங்கள் உறுப்பினர்கள் அவர்களிடம் எப்போது, யாரிடமிருந்து நோய் வந்தது என்று விசாரணை நடத்த மாட்டார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களிலும் பரிசோதனை இலவசம். முடிவு நோயாளிக்கு மட்டும் சொல்லப்படும். 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணில் பெயர் சொல்லாமல் பேசலாம். பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டப்பாவை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுவர வேண்டும். சிகிச்சைக்கும் அது தேவை, வழக்குக்கும் அது தேவை.

இந்த அறிக்கையின் நகல் மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாநில மருந்து உரிம அதிகாரிகள், ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் ஆகியோருக்கு அனுப்பப்படுகிறது. கோரிக்கைகள் மீது நடவடிக்கை இல்லாவிட்டால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல மனு தாக்கல் செய்யச் சங்கத்தின் செயற்குழுவுக்கு அதிகாரம் வழங்கிப் பொதுக்குழு தீர்மானித்துள்ளது.

பொதுக்குழுவின் ஒருமனதான தீர்மானத்தின்படி,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மதுரை